தூசியை எங்கே நிறுத்துவது?



கட்டுமானத் தொழிலாளரிடையே சிலிக்கா தூசி பற்றிய விழிப்புணர்வு என்ற பொருளில் பேசும்படி இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. தூசி கெடுதல் என்று தெரியாத கொத்தனாரை நான் இதுவரை சந்தித்ததில்லை. தெரியாமலா துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்? எந்தத் தூசி, எவ்வளவு, எத்தனை வருடம் கழித்து என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் சொல்லித் தரலாம், தரவேண்டும். ஆனால் தெரிந்தபின் அவர் என்ன செய்வார்? கருவியை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. தண்ணீர்க் குழாயை எங்கே இழுப்பது என்று அவர் முடிவு செய்வதில்லை. வேலை எத்தனை நாளில் முடியவேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. இவற்றை முடிவு செய்பவர்கள் பொறியாளர், ஒப்பந்ததாரர், வீட்டுக்காரர். ஆகவே இன்று முன்வரிசையில் இருக்கும் கட்டடப் பொறியியல் மாணவர்களைப் பார்த்துத்தான் அதிகம் பேசப்போகிறேன். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளர் சங்க நண்பர்கள் நான் தவறாகச் சொல்லும் இடத்தில் எழுந்து திருத்தலாம்.

ஒரு அடுக்குமாடிக் கட்டடம். பூச்சு வேலை முடிந்துவிட்டது. எலக்ட்ரீஷியனின் உதவியாளர், இருபது வயதுகூட இருக்காது, குளியலறைச் சுவரில் காடி எடுக்கிறார். ஹீட்டருக்கு ஒரு பாயிண்ட் கூடுதலாக வேண்டும் என்று வீட்டுக்காரர் முந்தின நாள்தான் சொல்லியிருக்கிறார். கையில் நாலு அங்குலக் கட்டிங் மெஷின். இரண்டு இணைகோடு இழுத்து, நடுவில் உள்ளதை உளியால் பெயர்க்கவேண்டும். மெஷினை அழுத்திய பத்தாவது விநாடியில் அவர் மறைந்துபோகிறார். ஐந்துக்கு எட்டு அடி அறை. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் சிமென்ட் சாக்கு தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால். கோடு இழுத்து முடிந்ததும் வெளியே வருகிறார். இமை, புருவம், காதுமடல் எல்லாம் சாம்பல் நிறம். துண்டை அவிழ்த்து உதறுகிறார். உதறிய துண்டையே திரும்பக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார், உளி அடிக்க. உள்ளே தூசி அடங்கிவிட்டது போலத் தெரிகிறது, எதிர்ச் சுவர் கண்ணுக்குப் படுகிறது. ஆபத்து முடிந்தது என்று அவர் நினைப்பதும் அதனால்தான்.

முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த தூசிதான் அடங்கியிருக்கிறது. தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலின் கடைசி அறைவரை போகும் துகள்கள் பெரும்பாலும் 4 மைக்ரானுக்கும் குறைந்தவை. அவை தனித்தனியே கண்ணில் படாது. ஒரு மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் காற்றசையாத அறையில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த ஸ்டோக்ஸ் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஏழு மணி நேரம் வரும். காலையில் எடுத்த காடியின் தூசியைச் சாயங்காலம் அதே அறையில் குழாய் பொருத்த வருபவர் சுவாசிக்கிறார். அவர் முகத்தில் ஒரு பொட்டுத் தூசிகூட இருக்காது.

சிலிக்கா ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது, படிகமாக இருக்கும்போது குவார்ட்ஸ். ஆற்று மணலில் நிறைய உண்டு. கருங்கல்லில் பொதுவாகக் கால் பங்கு, மூன்றிலொரு பங்கு என்று இருக்கும். மணற்கல்லில் முக்கால் பங்குக்கும் மேல். ஆகவே ஜல்லியும் மணலும் போட்ட கான்கிரீட்டில், எம்-சாண்டில், செங்கல்லில், ஓட்டில், டைல்ஸில், எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ இருக்கிறது. மணலாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. ஆற்றங்கரையில் புரண்ட பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அறுக்கும்போது, அரைக்கும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போது பிறக்கும் நுண்தூள்தான் கொடியது. அதிலும் அப்போதுதான் உடைந்த குவார்ட்ஸின் புதுப்பரப்பு, பழைய தூசியைவிட உயிரணுக்களோடு கடுமையாக வினைபுரியும். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் புதிதாக உடைத்துக்கொண்டே முன்னேறும் கருவியை முகத்துக்கு ஒன்றரை அடியில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு வேடிக்கை. கட்டடத்தில் மிக அதிகமாகத் தூசி பறப்பதாக எல்லாரும் சொல்வது பட்டி தேய்க்கும் வேலையை. பெயின்டர் வெள்ளை வெளேர் என்று வெளியே வருவார். சுவர்ப் பட்டியில் பெரும்பாலும் வெள்ளைச் சிமென்டும் டோலமைட் தூளும்தான். அதைச் சுவாசிப்பது நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால் சிலிக்கா கணக்கில், அந்த வெள்ளைப் புகையைவிட, தளத்தை மட்டப்படுத்த கான்கிரீட்டில் ஐந்து நிமிடம் கிரைண்டர் போட்டவர்தான் அதிகம் வாங்கிக்கொண்டிருப்பார். கண்ணை நம்பி ஆபத்தை அளக்க முடியாது.

எவ்வளவு தாங்கும்? அமெரிக்காவில் 2016-ல் கொண்டுவந்த விதி, கட்டுமானத்துக்கு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. உழைக்கிற மனிதர் ஒரு ஷிப்டில் ஏறத்தாழ பத்து கனமீட்டர் காற்றை இழுக்கிறார். பெருக்கினால் அரை மில்லிகிராம். ஒரு அரிசியை நாற்பது துண்டாக்கினால் ஒரு துண்டு. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் உச்சவரம்பு. அதுகூட 'பாதுகாப்பானது' என்று யாரும் சொல்லவில்லை, அந்த அளவிலும் கொஞ்சம் ஆபத்து மிச்சமிருக்கிறது என்று அந்த விதியை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 2025 வரை நடப்பிலிருந்த நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் ஒரு சூத்திரம் இருந்தது. பத்தை, தூசியிலுள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி வகுக்கவேண்டும். முப்பது சதவீதக் குவார்ட்ஸ் உள்ள கல்லுக்குப் போட்டுப் பார்த்தால் சிலிக்கா அளவு ஏறக்குறைய அமெரிக்க வரம்பைப் போல இரண்டு மடங்கு வருகிறது. அது போகட்டும். அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு. கட்டடம் கட்டும் இடத்தில் காற்றைக் குழாயில் இழுத்து எடை போட்ட காட்சியை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். நுரையீரலின் காற்றுப்பைகளில் துப்புரவு வேலைக்கென்றே மேக்ரோஃபேஜ் என்ற அணுக்கள் உண்டு. தூசி, கிருமி எது வந்தாலும் விழுங்கிச் செரித்துவிடும். குவார்ட்ஸைச் செரிக்க முடியாது. விழுங்கிய அணு செத்துப்போகும். உள்ளிருந்த துகள் அப்படியே வெளியே வரும். அடுத்த அணு வந்து அதையே விழுங்கும். இந்தச் சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பு கட்டிக்கொண்டே போகும். பஞ்சு போல விரிந்து சுருங்கவேண்டிய உறுப்பு விறைத்துப்போகும். இதுதான் சிலிகோசிஸ். பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், தூசி மிக அதிகமானால் ஐந்து வருடத்துக்குள்ளும் வரும், சில மாதங்களில் கொன்றதும் உண்டு. ஆற்றும் மருந்து கிடையாது. வேலையை விட்டு ஊருக்குப் போய் உட்கார்ந்த பிறகும் தழும்பு வளரலாம். காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிலிக்கா தூசி காரணம் என்று 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகுப்பில் சேர்த்தது.

இனி, இன்று நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அதற்கு ஒரு ஊருக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பாரி என்று ஒரு சிறிய ஊர், கருங்கல்லுக்குப் பேர்போனது. கல்லறைத் தூண்களும் சிலைகளும் அங்கிருந்து நாடு முழுவதும் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியிலிருந்து, குறிப்பாகக் கராரா பக்கமிருந்து, கற்சிற்பிகள் அங்கே குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சலவைக்கல் செதுக்கிய கைகள். சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட், குவார்ட்ஸ் மிகக் குறைவு. சொந்த ஊரில் தாத்தா காலத்திலிருந்து தூசியில்தான் வாழ்ந்தார்கள், இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பாரியில் அதே கை, அதே உளி, கல் மட்டும் வேறு. போதாததற்குக் காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியல் வந்தது. கையால் அடித்தபோது சில்லு தெறிக்கும், இயந்திரம் அடித்தபோது மாவாகப் பறந்தது. குளிருக்காகப் பட்டறைகளின் பக்கங்களை அடைத்தார்கள், மாவு உள்ளேயே நின்றது. ஆண்கள் நாற்பது, ஐம்பது வயதில் காசம் என்று செத்தார்கள். ஊரில் காசநோய் மருத்துவமனை கட்டினார்கள். லூயி புரூசா என்ற சிற்பி பட்டறைகளில் காற்றை வெளியே இழுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று வாதாடியவர். 1937-ல் அந்த நோயாலேயே இறந்தார். ஹோப் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதிமேல் உள்ள சிற்பம், மனைவியின் கையில் சாய்ந்து மூச்சுக்குத் தவிக்கும் ஒரு மனிதன். அதுவும் பாரிக் கருங்கல்.

1930-களின் கடைசியில் பாரியில் மாற்றம் வந்தது. சிற்பிகளுக்கு முகக்கவசம் கொடுத்தார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. ஒவ்வொரு வேலைமேடையிலும், உளி கல்லைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், வளைக்கக்கூடிய ஒரு உறிஞ்சு குழாயைப் பொருத்தினார்கள். தூசி பிறந்த இடத்திலேயே இழுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் சிலிகோசிஸ் அபூர்வமாகிவிட்டது. கல் மாறவில்லை, தொழில் மாறவில்லை. சிற்பிகளுக்குப் புதிதாக ஞானோதயமும் உண்டாகவில்லை, தூசி கொல்கிறது என்பது சமாதி செதுக்கிய காலத்திலேயே அவர்களுக்குத் தெரியும். தூசியை மூக்கருகே நிறுத்தப் பார்க்காமல் உளியருகே நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

பாரியில் நடந்ததற்கு நேரெதிரானது மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது. 1930-ல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்க மூன்று மைல் சுரங்கம் வெட்டினார்கள். வேலை யூனியன் கார்பைடு கம்பெனிக்காக. ஆம், போபாலில் 1984-ல் நாம் கேள்விப்பட்ட அதே பெயர். பாறை ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேகம் குறையும் என்று உலர்வாகத் துளைத்தார்கள். உள்ளே இறங்கியவர்கள் சுமார் மூவாயிரம் பேர், பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புக்கு வந்த கறுப்பினத்தவர். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் முகமூடியோடு வந்து போனார்கள். 1936-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது வெளிவந்த சாவுக் கணக்கு 476. பிற்காலத்தில் மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் ஆராய்ந்து 764 என்று மதிப்பிட்டார். தண்ணீர் பக்கத்திலேயே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் என்ற மருந்து நமக்குப் புதிதல்ல. கருங்கல்லோ கான்கிரீட்டோ அறுக்கும் கையடக்க ரம்பத்துக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் பிளேடில் விழுந்தால் போதும், தூசியில் பெரும்பகுதி சேறாகிவிடும் என்று பிரிட்டிஷ் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. அரை லிட்டர்! கியூரிங்குக்கு நாம் கொட்டும் தண்ணீரில் இது எந்த மூலைக்கு? பிறகு ஏன் செய்வதில்லை என்று ஒரு டைல்ஸ் வேலைக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஷாக் அடிக்கும் சார்."

"மெஷினோடயே தண்ணிக் குழாய் வந்திருக்குமே தம்பி?"

"வந்துச்சு. அது எங்க போச்சோ. அதில்லாம, தண்ணி விட்டா சேறு தெறிச்சு போட்ட டைல்ஸ் எல்லாம் கறை புடிச்சுக்கும். ஓனரம்மா வந்தா என்னைத்தான் கேப்பாங்க. மேஸ்திரி சதுர அடிக்குத்தான் காசு தர்றாரு, கழுவுறதுக்கா தர்றாரு?"

இதில் அறியாமை எங்கே இருக்கிறது? மூன்று காரணமும் உண்மை. தற்காலிக மின் இணைப்பில் எர்த் சரியாக இல்லை, வயரில் நாலு இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறது. அந்த நிலையில் தண்ணீர் விட மறுப்பது அறிவுள்ள செயல். நுரையீரல் இருபது வருடம் கழித்துப் போகும், கரண்ட் இப்போதே கொல்லும். ஆகவே சிலிகோசிஸைத் தடுக்கும் முதல் கருவி எது என்று என்னைக் கேட்டால், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்பேன். கசிவு வந்த நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தச் சின்னப் பெட்டியும், ஒழுங்கான எர்த்தும், தண்ணீர் விட்டு அறுக்கவென்றே செய்த கருவியும் இருந்தால் அந்தத் தம்பியின் முதல் மறுப்பு விழுந்துவிடும். சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் ஒருவர் அறுக்க இன்னொருவர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை நான் சிபாரிசு செய்யவில்லை, அந்தக் கருவி அதற்குச் செய்யப்பட்டதல்ல.

இரண்டாவது மறுப்பு கறை. டைல்ஸை ஒட்டும் அறையிலேயே அறுக்கவேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? அளவெடுத்து, வெளியே ஒரே இடத்தில், தொட்டி வைத்த மேசை ரம்பத்தில் அறுத்து மேலே கொண்டுவரலாம். நேர்வெட்டுக்குக் கோடு கீறி உடைக்கும் கைக் கட்டர் இருக்கிறது, மின்சாரமும் வேண்டாம், தூசியும் ஏறக்குறைய இல்லை. காடி எடுப்பதற்கு வந்தால், நல்ல காடி என்பது எடுக்கத் தேவையில்லாத காடிதான். குழாய்க்கும் வயருக்கும் வழி எங்கே என்று வரைபடத்திலேயே முடிவு செய்து, செங்கல் வைக்கும்போதும் தளம் போடும்போதும் பைப்பைப் புதைத்துவிட்டால் அந்தக் குளியலறையில் அந்தப் பையன் நிற்கவேண்டியதே இல்லை. 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நாம் ஒத்திப்போடும் ஒவ்வொரு மின் பாயிண்டும் யாரோ ஒருவர் நெஞ்சில் போய் உட்காருகிறது. கட்டாயம் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பிளேடைச் சுற்றி மூடியும் நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் இணைப்பும் கொண்ட வால் சேசர் கிடைக்கிறது. விலை அதிகம்தான். வாடகைக்கு விடும் கடைகள் ஜாக்ஹேமரை விடவில்லையா, இதையும் விடட்டும்.

மூன்றாவது மறுப்புக்குக் கடைசியில் வருகிறேன், அதுதான் பெரியது.

முகக்கவசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைக்கிறீர்கள். துண்டு, கர்ச்சீப், மருத்துவமனை நீலக் கவசம் மூன்றும் இந்தத் துகளுக்கு வேலி ஆகா. எஃப்எஃப்பி-2 அல்லது என்-95 தரத்தில் இருந்து, முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டினால் பயன் உண்டு. தாடி இருந்தால் ஒட்டாது. மே மாதச் சென்னையில், மொட்டை மாடியில், எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு சுமை தூக்கமுடியுமா என்று கவசம் வாங்கிக் கொடுக்கும் கனவான்கள் ஒருநாள் முயன்று பார்க்கவேண்டும். அமெரிக்க விதியில் பதினெட்டு வகை வேலைக்கு அட்டவணை போட்டிருக்கிறார்கள். கையடக்க ரம்பத்தைப் பொறுத்தவரை முதல் வரி தண்ணீர். அறைக்குள் அறுத்தால், அல்லது வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் அறுத்தால், தண்ணீரோடு சேர்த்துக் கவசமும். இங்கே நாம் கவசத்தில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கிறோம். போட்டோ எடுக்க வசதி. அதோடு பழியும் கைமாறிவிடுகிறது: கொடுத்தோம், போடவில்லை.

சித்தாள் பெண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் தூசி என்று பேசும்போது யாரும் அவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. மெஷின் பிடிப்பவர் ஆண். மெஷின் நின்றபிறகு உள்ளே போவது சித்தாள் பெண். விளக்குமாற்றால் உலர்ந்த தரையைக் கூட்டி, சட்டியில் அள்ளி, ஜன்னல் வழியாகக் கீழே கொட்டுவார். தரையில் படிந்த நுண்தூளை மறுபடி காற்றில் ஏற்றும் வேலை அது. எம்-சாண்ட் உலர்ந்திருக்கும்போது சல்லடையில் சலிப்பதும் பெரும்பாலும் அவர்தான். கழுவிய ஆற்று மணலில் மாவு குறைவு. பாறையை உடைத்துச் செய்த மணலில், சரியாகக் கழுவாவிட்டால், மாவு நிறைய இருக்கும். சிமென்ட் சாக்கை உதறி மடிப்பதும் அவர். சாயங்காலம் அதே புடவையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவார். கூட்டுமுன் தண்ணீர் தெளிப்பது நம் ஊரில் வாசல் பெருக்கும் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டடத்தில் அவர் ஏன் தெளிப்பதில்லை? நாலாவது மாடிக்கு அந்தக் குடத்தையும் அவர்தான் தூக்கவேண்டும்.

கட்டடத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டுகிறோம். தெருவில் போகிறவர்கள்மேல் தூசி விழக்கூடாது என்று. நல்ல விஷயம்தான். வலைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது என்ன செய்கிறது என்று வலைக்கு வெளியே நின்று யோசிப்பதில்லை.

இந்த நோய் ஏன் கணக்கில் வருவதில்லை? நோயாளி இருமலோடு போகிறார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளிகள். காசநோய் நிறைந்த நாட்டில் மருத்துவர் முதலில் எதை நினைப்பார்? சளியில் கிருமி இல்லாவிட்டாலும் ஆறு மாத மாத்திரை. குணமில்லை, திரும்ப மாத்திரை. சிலருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும், அதனால் குழப்பம் கூடுகிறது. 1700-ல் இத்தாலிய மருத்துவர் ராமஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறீர்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் வெளிநோயாளர் சீட்டில் அந்தக் கட்டம் இருந்தால் பெரும்பாலும் 'கூலி' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

சட்டத்தில் குறையில்லை என்றுகூடச் சொல்லலாம். 2025 வரை இருந்த சட்டங்களைப் பார்த்தால், சிலிகோசிஸ் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கை செய்யவேண்டிய நோயாக இருந்தது. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் விதிகளிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. பல முதலாளிகளிடம் வேலை செய்தவருக்கு நோய் வந்தால் அவர்கள் பங்கு பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றுகூட அதில் யோசித்திருந்தார்கள். ஆனால் ஒரு கொத்தனார் இருபது வருடத்தில் எத்தனை கட்டடம் பார்த்திருப்பார், எத்தனை மேஸ்திரி? ஒருவரிடமாவது கையெழுத்துப் போட்ட காகிதம் உண்டா? பங்கு பிரிக்க ஆளே அகப்படாது.

குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா பழங்குடி மக்கள் வேலைக்குப் போனார்கள். ஊர் திரும்பிச் செத்தார்கள். ஆலை ஒரு மாநிலம், சாவு இன்னொரு மாநிலம். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-ல்தான் 238 பேர் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் கொடுக்க குஜராத்துக்கு உத்தரவானது. இன்று நம் சென்னை, கோவைக் கட்டடங்களில் கட்டிங் மெஷின் பிடிப்பவர்களில் கணிசமானோர் பிகார், ஒடிசா, வங்கம், ஜார்க்கண்ட் பிள்ளைகள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவர்கள் இருமப்போவது நமக்குக் கேட்காது. நம் மாநில நோய்க் கணக்கு சுத்தமாக இருக்கும்.

ராஜஸ்தான் 2019-ல் தனிக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. முதலாளி யார் என்று நிரூபிக்கும் பாரத்தை நோயாளி தலையில் வைக்காமல், நோய் உறுதியானாலே 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், இடையில் மாத ஓய்வூதியம் என்று வகுத்தார்கள். நடைமுறையில் குறைகள் உண்டு, போலிச் சான்றிதழ் என்ற புகார்களும் உண்டு. ஆனாலும் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார்கள் என்பது என் அபிப்பிராயம். கட்டடத் தொழிலாளருக்கென்று 1994-லேயே நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, பின்வரிசையில் இருப்பவர்களின் மூத்தோர் தெருவில் இறங்கிப் பெற்றது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் வரியாக அங்கே போய்ச் சேருகிறது. அந்தப் பதிவு அட்டையில் 'கட்டடத் தொழிலாளி' என்பதோடு நிறுத்தாமல், கல் அறுப்பவரா, காடி எடுப்பவரா, சுவர் இடிப்பவரா என்று எழுதவும், சேரும்போது ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் எடுத்து வைக்கவும் அந்தப் பணம் தாராளமாகப் போதும். அந்த அட்டை ஒடிசாவின் பாலசோருக்கும் பிகாரின் தர்பங்காவுக்கும் அவரோடு போகவேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சமையலறை மேடைக்குக் 'குவார்ட்ஸ் ஸ்லாப்' இப்போது நாகரிகம். குவார்ட்ஸ் தூளைப் பிசின் விட்டு அழுத்திச் செய்த பலகை, பல வகைகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடை செய்துவிட்டது, அதை அறுத்த இளைஞர்கள் முப்பது வயதில் நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கும் நிலை வந்ததால். நாம் அதை உற்பத்தி செய்து ஏற்றுமதியும் செய்கிறோம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், கருங்கல் மேடையும் நன்றாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அதையும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது மறுப்புக்கு வருகிறேன். 'கழுவுறதுக்கா காசு தர்றாரு?' என்றாரே, அந்தத் தம்பி பொறியியலின் அடிப்படையைப் பேசினார். எஸ்டிமேட்டில் விலை போடாத வேலை நடக்காது. சாரம் கட்ட விலை போடுகிறோம், சாரம் கட்டப்படுகிறது. கியூரிங்குக்கு விலை போடுகிறோம், முக்கால்வாசியாவது நடக்கிறது. தூசியை அடக்கும் வேலை 'ஒப்பந்ததாரர் உரிய பாதுகாப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளவேண்டும்' என்று பொது நிபந்தனைகளில் நாற்பதாவது பக்கத்தில் ஒரு வாக்கியமாகக் கிடக்கிறது. எவரும் அதற்குக் காசு ஒதுக்குவதில்லை. டெண்டரில் குறைந்த விலைக்குப் போட்டி போடுகிறவர் முதலில் வெட்டுவது அந்த வாக்கியத்தைத்தான். நல்ல ஒப்பந்ததாரர் செலவு செய்தால் டெண்டரை இழப்பார். ஆகவே அதை வாக்கியமாக வைக்காமல் உருப்படியாக வைக்கவேண்டும், பொதுப்பணித்துறை விலைப்பட்டியலிலேயே. எல்லாருக்கும் ஒரே விலை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

மாணவர்களே, அடுத்த பருவத்தில் 'எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங்' பாடத்துக்கு மாதிரி மதிப்பீடு தயாரிப்பீர்கள். மண்வேலை, அடித்தளம், செங்கல் கட்டு, பூச்சு, தரை என்று வரிசையாக எழுதிவிட்டு இந்த வரியைச் சேருங்கள்: 'டைல்ஸ், கருங்கல், கான்கிரீட் வெட்டும் வேலை அனைத்தும் ஈர முறையில், தண்ணீர்த் தொட்டி, குழாய், ஆர்சிசிபி பொருத்திய மின் இணைப்பு, சேற்றைக் காயும் முன் அள்ளி அகற்றுதல், கூட்டுமுன் தெளிக்க ஒவ்வொரு தளத்துக்கும் தண்ணீர் ஏற்றுதல் உட்பட.' சேற்றைக் காயவிட்டால் அது மறுநாள் தூசிதான், ஆகவே 'காயும் முன்' என்ற இரண்டு வார்த்தையை விட்டுவிடாதீர்கள். விலையை நீங்களே கணக்கிடுங்கள், கட்டடச் செலவில் மிகச் சிறிய பங்குதான் வரும். பாடத்திட்டத்தில் இல்லாத வரி என்று ஆசிரியர் மதிப்பெண் குறைத்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள், நான் வந்து அவரோடு பேசுகிறேன்.